வாடகைப் பாட்டு, சொந்தப் பாட்டு

மாதச் சந்தா கட்டினால் கோடிக்கணக்கான பாடல்கள் கைக்குள் வந்துவிடுகின்றன. அலமாரியில் இருக்கும் ஸி.டி.யும் கேஸட்டும் அந்தக் கடலில் கரைந்துவிடாமல் காப்பது எப்படி? இசைப் பிரியர்கள் இரண்டு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொள்கிறார்கள்.

2024 ஆகஸ்டில் ஏர்டெல் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பத்தாண்டுகளாக நடத்திவந்த விங்க் மியூசிக் சேவைக்கு மூடுவிழா. ஊழியர்களை நிறுவனமே எடுத்துக்கொள்ளும். சந்தாதாரர்களுக்கு ஆப்பிள் மியூசிக்கில் சலுகை உண்டு. எல்லாருக்கும் ஏதோ ஓர் இடம் கிடைத்தது. ஒவ்வொரு பாட்டாகப் பொறுக்கி ஆண்டுக்கணக்கில் சேர்த்த பட்டியல்களை மட்டும் பயனாளிகள் புது வீட்டில் மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று.

இந்திய இசைச் சந்தையில் இது முதல் மூடுவிழாவும் அல்ல. திங்கானா என்ற சேவை 2014-ல் நின்றது. டி-சீரீஸ் தன் பாடல்களைத் தர மறுத்ததே அதற்கு உடனடிக் காரணம். அதை வாங்கிய அமெரிக்க ஆர்டியோ 2015 டிசம்பரில் தானே மூடிக்கொண்டது. 2017-ல் இந்தியாவில் சந்தா சேவை தொடங்கிய கூகுள் ப்ளே மியூசிக் 2020 இறுதியில் முடிந்துபோனது. 2020-ல் வந்த ரெஸ்ஸோ 2024 ஜனவரி 31-ந் தேதி விடைபெற்றது.

இந்த வரிசையில் ஒரே ஒரு பெயர் வித்தியாசமானது. ஃப்ளிப்கார்ட் 2012-ல் தொடங்கிய ஃப்ளைட் என்ற கடை, பாட்டை வாடகைக்கு விடவில்லை; பூட்டுப் போடாத எம்.பி.3 ஃபைலாக விற்றது. வியாபாரம் ஓடாமல் 2013-ல் அதுவும் மூடப்பட்டது. வாங்கிய பாடல்களை இறக்கிக்கொள்ளச் சில வாரங்கள் அவகாசம் தரப்பட்டது. அப்போது இறக்கி வைத்தவர்களிடம் அந்தப் பாடல்கள் இன்றும் ஒலிக்கும். கடை போனது, சரக்கு மிஞ்சியது.

சந்தா சேவைக்கும் சொந்த ஃபைலுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்வது சுலபம். நடைமுறையில் இசைப் பித்துள்ள வீடுகளில் இரண்டும்தான் இருக்கின்றன. செல்போனில் ஸ்பாட்டிஃபையோ யூட்யூப் மியூசிக்கோ ஜியோசாவனோ ஓடுகிறது. அலமாரியில் சில நூறு ஸி.டி.க்கள், அட்டைப் பெட்டியில் கேஸட்டுகள், பழைய ஹார்ட் டிஸ்க்கில் யாரோ எப்போதோ கொடுத்த கச்சேரிப் பதிவுகள். இந்த இரண்டு உலகத்தையும் ஒரே கூரைக்கு அடியில் வைத்துப் பராமரிப்பதுதான் இப்போதைய தலைவலி.

கடலில் இல்லாத முத்து

எல்லாம்தான் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறதே, அலமாரி எதற்கு? நியாயமான கேள்வி. பதில், எல்லாம் கிடைப்பதில்லை, கிடைப்பதும் நிலைப்பதில்லை.

2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. இரண்டு மாதம் ஆவதற்குள் சரிகமா நிறுவனத்தோடு தகராறு முற்றி, டெல்லி உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பழைய எச்.எம்.வி.தான் இன்றைய சரிகமா; கிராமபோன் காலம் தொட்டுச் சேர்ந்த பாடல்களின் பெருங்கிடங்கு அது. அந்தக் கிடங்கு முழுவதும் ஸ்பாட்டிஃபையிலிருந்து விலகியது. 2020 ஜூனில் உடன்பாடு ஏற்படும்வரை ஓராண்டுக்கு மேல், காசு கட்டிய சந்தாதாரருக்கும் அந்தப் பாட்டுகள் இல்லை. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக்குடன் இதே கதை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் புத்தம்புது இந்திப் பாடல்கள் ஒரே இரவில் பட்டியல்களில் சாம்பல் நிறமாயின. பின்னர் சமாதானமாகித் திரும்பி வந்தன என்பது வேறு விஷயம். வீட்டுக்காரருக்கும் ஏஜென்டுக்கும் சண்டை வந்தால் குடியிருப்பவர் தெருவில் நிற்பார். அவரைக் கேட்டு யாரும் சண்டை போடுவதில்லை.

அடுத்தது, வந்தே சேராத இசை. எண்பதுகளில் கேஸட் அலை நாடெங்கும் அடித்தபோது சிறு சிறு கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் பதிவுகள் வெளியிட்டன. போஜ்புரி நாட்டுப்பாடல், மராட்டி அபங்கம், ராஜஸ்தானி மாண்ட், பஞ்சாபி கிஸ்ஸா என்று ஊருக்கு ஊர் சரக்கு. கம்பெனி மூடியதும் மூல நாடாக்கள் எங்கே போயின என்று கேட்க ஆளில்லாத பதிவுகள் ஏராளம். சபாக் கச்சேரிகளையும் கல்யாண வீட்டு நாகஸ்வரத்தையும் ரசிகர்கள் டேப்ரிகார்டரில் பிடித்து வைத்தவை தனி உலகம். அவற்றுக்கு உரிமையாளர், ஒப்பந்தம், பார்கோடு எதுவும் கிடையாது. ஆகவே எந்தச் சேவையிலும் இடம் கிடையாது.

வாங்கிச் சேர்ப்பதும் முன்போல் சுலபமில்லை. கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் மியூசிக் வேர்ல்ட் 2013-ல் மூடப்பட்டது. மும்பை காலா கோடாவில் தலைமுறைகளாக இசை விற்ற ரிதம் ஹவுஸ் 2016-ல் கதவைச் சாத்தியது. அச்சில் இல்லாத ஒரு ஸி.டி. கீறிப்போனால் மாற்று வாங்க இன்று கடை இல்லை. கையில் இருப்பதே கடைசிப் பிரதியாக இருக்கக்கூடும்.

ஆப்சென்ட் கணக்கு

அந்தப் பிரதியை எப்படி ஃபைலாக்குவது என்பதில்தான் 'லாஸ்லெஸ்' என்ற சொல் வருகிறது. இழப்பில்லாதது என்று பொருள்.

ஒரு ஸி.டி. ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக எழுதி வைக்கிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட். இடது, வலது என்று இரண்டு தடம். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 14 லட்சத்து 11 ஆயிரத்து 200 பிட். ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 மெகாபைட். ஹார்ட் டிஸ்க் தங்கம் விலை விற்ற தொண்ணூறுகளில் இது கட்டுப்படியாகாது. அதற்கு விடையாக வந்ததுதான் எம்.பி.3. பலத்த ஓசைக்குப் பின்னால் ஒளியும் மெல்லிய ஓசை காதுக்கு எட்டாது என்ற கணக்கில், கேட்காது என்று தோன்றுவதைக் கழித்துக் கட்டுகிறது அது. பத்தில் ஒரு பங்கு இடத்தில் பாட்டு அடங்கிவிடும். கழித்தது கழித்ததுதான், திரும்ப வராது.

லாஸ்லெஸ் முறை வேறு வழியில் போகிறது. வகுப்பில் 50 பேர் இருந்தால் வந்தவர்கள் பெயரை எல்லாம் எழுத வேண்டியதில்லை. ஆப்சென்ட் ஆனவர்களை மட்டும் குறித்தாலே முழுப் பட்டியலும் கிடைத்துவிடும். அதைப்போல, அடுத்த அளவு என்னவாக இருக்கும் என்று முந்தைய அளவுகளிலிருந்து ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுகிறது இது. பாதியோ அதற்குச் சற்று மேலோ இடம் போதும். விரித்தால் ஒரு பிட் குறையாமல் மூலம் அப்படியே கிடைக்கும். 2001-ல் ஜோஷ் கோல்சன் வெளியிட்ட 'ஃப்ளாக்' இந்த வகையில் முதன்மையானது. யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம். இணையத்தின் தர நிர்ணய அமைப்பு 2024 டிசம்பரில் அதை முறையான தரமாகவே பதிவு செய்துவிட்டது. ஆப்பிள் 2004-ல் கொண்டுவந்த 'அலாக்', அதன் ஒன்றுவிட்ட சகோதரன்.

காதுக்கு வித்தியாசம் தெரியுமா? இங்கே இசைப் பித்தர்கள் கோபித்துக்கொள்ளக்கூடிய உண்மை ஒன்று இருக்கிறது. நொடிக்கு 256 கிலோபிட்டில் நன்றாகச் சுருக்கிய பாட்டையும் லாஸ்லெஸ் பாட்டையும் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால், பெரும்பாலோரால் பிரித்துச் சொல்ல முடியாது. வழக்கமான ப்ளூடூத் இயர்போனில் கேட்டால் கேள்வியே எழவில்லை. ப்ளூடூத் பாட்டை மறுபடி ஒருமுறை சுருக்கித்தான் அனுப்புகிறது.

அப்படியானால் லாஸ்லெஸ் எதற்கு? கேட்பதைவிடக் காப்பதற்கு. எம்.பி.3-ஐ இன்னொரு வடிவத்துக்கு மாற்றினால், அது ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதை. ஒவ்வொரு தடவையும் எழுத்து கொஞ்சம் மங்கும். லாஸ்லெஸ் ஃபைல் நெகட்டிவ் மாதிரி. இன்று ஒரு வடிவம், பத்து வருஷம் கழித்து வரப்போகும் வேறொரு வடிவம், எதற்கு மாற்றினாலும் மூலத்திலிருந்து முதல் பிரதியே கிடைக்கும். ஃப்ளாக்கிலிருந்து அலாக்குக்கு மாற்றி மறுபடி ஃப்ளாக்குக்கு வந்தாலும் ஒலி அதேதான். இன்னொரு வசதி, மூல ஒலியின் கைரேகை போன்ற ஓர் எண்ணை ஃப்ளாக் ஃபைல் தனக்குள் வைத்திருக்கிறது. வருஷங்கள் கழித்து ஃபைல் கெட்டிருக்கிறதா என்று கம்ப்யூட்டரே சரிபார்த்துச் சொல்லிவிடும். கேஸட்டிடம் இப்படிக் கேட்க முடியுமா?

ஸ்ட்ரீமிங் கம்பெனிகளும் லாஸ்லெஸ் தருகின்றன. ஆப்பிள் மியூசிக் 2021-ல் தொடங்கியது. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில் அறிமுகம் செய்து, நவம்பரில் இந்தியாவில் தன் உயர் சந்தாத் திட்டத்தோடு சேர்த்தது. தரம் உயர்ந்தது, வாடகை, வாடகைதான். இணையம் இல்லாமல் கேட்க 'டவுன்லோட்' செய்த பாட்டும் பூட்டுக்குள்தான் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் அந்த டவுன்லோட் செல்லாது.

கலந்தால் வரும் வம்பு

இரண்டு குடித்தனம் எதற்கு, என் ஃபைல்களையும் அந்தச் சேவையிலேயே ஏற்றிவிட்டால் ஒரே இடத்தில் கேட்கலாமே என்று தோன்றுவது இயல்பு. கம்பெனிகளும் அதற்கு வழி வைத்திருக்கின்றன. அந்த வழியில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு நடப்பது நல்லது.

ஆப்பிள் மியூசிக்கில் 'சிங்க் லைப்ரரி' என்ற வசதி இருக்கிறது. ஒரு லட்சம் பாடல்கள்வரை ஏற்கும். கம்ப்யூட்டரில் உள்ள ஒவ்வொரு பாட்டையும் தன் கிடங்கில் தேடும். கிடைத்தால், மற்றக் கருவிகளில் தன் பிரதியைக் கொடுக்கும். கிடைக்காவிட்டால் சொந்த ஃபைலையே மேலே ஏற்றும். ஆனால் லாஸ்லெஸ் ஃபைலை அப்படியே ஏற்றுவதில்லை. 256 கிலோபிட்டுக்குச் சுருக்கிய நகல்தான் மேலே போகிறது. 200 மெகாபைட்டைத் தாண்டியதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்டதையும் ஏற்காது. மூன்று மணி நேரக் கச்சேரியை ஒரே ஃபைலாக வைத்திருப்பவருக்கு வாசலிலேயே தடை. ஃப்ளாக் ஃபைலை ஆப்பிளின் மியூசிக் மென்பொருள் சேர்த்துக்கொள்வதே இல்லை; அலாக்குக்கு மாற்றித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

தேடிப் பொருத்துவதில் இன்னொரு சிக்கல். ஆப்பிள் மியூசிக்கின் ஆரம்ப நாட்களில் பாட்டின் பெயர், பாடியவர் பெயர் போன்ற விவரங்களை வைத்தே பொருத்தினார்கள். 2016-ல்தான் ஒலியையே அலசிப் பொருத்தும் முறைக்கு மாறினார்கள். இந்தியப் பாடல்களுக்குப் பெயரை மட்டும் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்பது ரசிகர்களுக்குத் தெரியும். ஒரே இந்திப் பாட்டுக்கு இசைத்தட்டில் ஒரு வடிவம், படத்தில் கூடுதல் சரணத்தோடு ஒரு வடிவம். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடச் சொச்சம்தான் பிடிக்கும் என்பதால் வந்த வினை. பிறகு வேறு குரல்களில் பாடி மலிவு விலைக்கு விற்ற கேஸட்டுகள். அதற்கும் மேல், பழைய பாட்டின் முதுகில் தாளக் கருவியை ஏற்றிய 'ஜன்கார் பீட்ஸ்' வடிவம். பெயரும் படமும் ஒன்று, கேட்பது வேறு.

2016 மே மாதம் அமெரிக்க இசைக்கலைஞர் ஒருவர், தன் கம்ப்யூட்டரிலிருந்த 122 ஜிகாபைட் இசை ஃபைல்கள் காணாமல் போனதாக எழுதியது பெரிய பரபரப்பானது. தங்களால் அந்தக் கோளாறை மீண்டும் வரவழைக்க முடியவில்லை என்றது ஆப்பிள். ஆனாலும் கூடுதல் பாதுகாப்போடு ஐட்யூன்ஸின் புதிய பதிப்பை உடனே வெளியிட்டது. அவரிடம் தனிப் பிரதி இருந்ததால் பிழைத்தார். யார் மீது தவறு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மூல ஃபைலின் ஒரே பிரதியை, தானே முடிவெடுக்கும் மென்பொருளின் கையில் கொடுக்கக்கூடாது என்ற பாடம் அதில் இருக்கிறது.

யூட்யூப் மியூசிக்கிலும் ஒரு லட்சம் பாடல்கள்வரை ஏற்றலாம். ஃப்ளாக்கையும் வாங்கிக்கொள்ளும். ஏற்றியவருக்கு மட்டுமே கேட்கும்; மற்றவர் கண்ணில் படாது. ஆனால் திரும்பக் கேட்கும்போது 256 கிலோபிட் அளவுக்குள்தான் வரும். ஸ்பாட்டிஃபையின் 'லோக்கல் ஃபைல்ஸ்' வசதி ஃபைலை எங்கும் ஏற்றுவதில்லை. அந்தந்தக் கருவியில் இருப்பதை அங்கேயே காட்டும், அவ்வளவுதான்.

எனவே இந்த வசதிகளைப் பயணத்துக்கான டிபன் கேரியராக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். சமையல் வீட்டில் நடக்கட்டும். மூல ஃபைல்கள் தனி ஹார்ட் டிஸ்க்கில், எந்தச் சேவையின் மென்பொருளும் தொடாத ஃபோல்டரில் இருக்க வேண்டும். சேவைக்குப் போவது அதன் நகல். அங்கே அது சுருங்கினாலும், மாறினாலும், காணாமல் போனாலும் வீட்டில் பானை நிறைய இருக்கிறது.

எந்தத் தோடி?

ஃபைலைக் காப்பாற்றிவிடலாம், தேடி எடுப்பது அதைவிடப் பெரிய வேலை. ஆல்பம், பாடகர், பாட்டு என்ற மூன்று பெட்டிகள் மேல்நாட்டு பாப் இசைக்காக அடித்தவை. இந்திய இசை அவற்றில் உட்காருவதில்லை.

சினிமாப் பாட்டில் 'ஆர்ட்டிஸ்ட்' யார், பாடியவரா இசையமைத்தவரா? ஒரு சேவை லதா மங்கேஷ்கர் பெயரில் வைக்கும். இன்னொன்று மதன் மோகன் பெயரில் வைக்கும். பாட்டெழுதியவர் பெயர் பல சமயம் எங்கேயும் இராது. கச்சேரியில் பாடகர் பெயர் இருக்கும். வயலின், மிருதங்கம், தபலா, ஹார்மோனியம் வாசித்தவர்கள் காற்றோடு போவார்கள்.

ராகத்துக்கு வந்தால் குழப்பம் இன்னும் பெருகும். ஆங்கில எழுத்தில் தோடிக்கே நாலு விதமாக எழுத்துக் கூட்டுகிறார்கள். எழுத்துச் சரியாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல. கர்நாடக சங்கீதத்தின் தோடி வேறு. இந்துஸ்தானியின் தோடி வேறு. பின்னதற்குத் தெற்கில் நெருங்கிய உறவு சுபபந்துவராளி. செம்பை பாடிய தோடியைத் தேடினால் பீம்சேன் ஜோஷியின் தோடியும் சேர்ந்து வந்து நிற்கும். இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் தேடியது கிடைக்கவில்லையே!

ஸ்ட்ரீமிங் சேவையின் விவரப் பட்டியலைத் திருத்த ரசிகருக்கு உரிமையில்லை. சொந்த ஃபைலில் உண்டு. ஃப்ளாக் ஃபைலுக்குள் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் புதிய பெட்டி திறக்கலாம்: ராகம், தாளம், பாடலாசிரியர், பக்கவாத்தியம், கச்சேரி நடந்த ஊர், தேதி, பதிவு செய்தவர். தமிழிலேயே எழுதலாம், தேவநாகரியிலும் வங்காளியிலும் எழுதலாம். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு, எம்.பி.3டேக் போன்ற மென்பொருட்கள் இந்த வேலைக்குக் காசில்லாமல் கிடைக்கின்றன. பிக்கார்டு, ஒலியைக் கேட்டே பாட்டை அடையாளம் காணவும் முயலும். மேல்நாட்டு இசையில் அது கெட்டிக்காரத்தனம். உள்ளூர்ப் பதிவுகளுக்குப் பெரும்பாலும் கையால்தான் எழுத வேண்டும்.

ஒரு விதி மட்டும் கறாராக இருந்தால் போதும். ஒரு பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டு. சரியோ தவறோ, 'மால்கௌன்ஸ்' என்று முடிவு செய்துவிட்டால் எல்லா ஃபைலிலும் மால்கௌன்ஸ்தான். தேடும்போது கம்ப்யூட்டருக்குப் பரிவு கிடையாது.

நாடாவிலிருந்து ஃபைல்வரை

ஸி.டி.யை ஃபைலாக்குவது சுலபமான பகுதி. விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காபி, ஆப்பிள் கம்ப்யூட்டரில் எக்ஸ்.எல்.டி. போன்ற மென்பொருட்கள் கீறல் உள்ள இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். அதே ஸி.டி.யை உலகில் வேறு யாராவது நகலெடுத்திருந்தால், அவர்களுக்குக் கிடைத்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இருக்கிறது. ஒரு மணி நேர ஸி.டி. ஃப்ளாக்கில் சுமார் 300 முதல் 400 மெகாபைட் ஆகும். 500 ஸி.டி. வைத்திருப்பவரின் வாழ்நாள் சேகரிப்பு 200 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பாக்கெட்டில் போகும் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் அது கால் பங்குகூட இல்லை.

கேஸட்தான் பொறுமையைச் சோதிக்கும். 90 நிமிட கேஸட்டுக்கு 90 நிமிடம் ஆகும்; குறுக்கு வழி கிடையாது. நல்ல நிலையில் உள்ள டெக், அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒலியைக் கொண்டுபோகும் சிறு கருவி, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள், இவை போதும். பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே ஓட்டினால் நாடாவும் கெடும், டெக்கின் ஹெட்டும் அழுக்காகும். மழைக்காலம் நீண்ட மும்பை, கொல்கத்தா, கொச்சி போன்ற ஊர்களில் இது தினசரிக் கவலை. ஹெட்டைச் சுத்தம் செய்வதும், அதன் சாய்வைப் பதிவுக்கு ஏற்றபடி திருகிச் சரிசெய்வதும் ஒலியில் பெரிய மாற்றம் தரும். மங்கிப்போன மேல்ஸ்தாயி பளிச்சென்று திரும்பி வருவதுண்டு.

சர்வதேச ஒலிக் காப்பகங்களின் சங்கம், நொடிக்கு 48,000 அளவு, 24 பிட் என்பதைக் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. 96,000 இன்னும் நல்லது என்கிறது. இரைச்சல் நீக்கும் வித்தைகளை மூலத்தில் செய்யக்கூடாது. மூலத்தை அப்படியே ஃப்ளாக்காக வைத்துவிட்டு, நகலில் மட்டும் கைவரிசையைக் காட்டலாம். இன்றைய மென்பொருள் இரைச்சலோடு தம்பூராவையும் துடைத்துவிட்டால், நாளைய மென்பொருளுக்கு வேலை செய்ய மூலமாவது இருக்கும்.

தனிநபர்களின் இந்தச் சேகரிப்புகளுக்கு மதிப்பு உண்டா என்ற சந்தேகத்துக்கு நிறுவனங்களே பதில் சொல்கின்றன. 1982-ல் தொடங்கி இப்போது குர்கானில் இயங்கும் இசை இன ஆய்வுக் காப்பகம், ஆய்வாளர்களும் சேகரிப்பாளர்களும் ஒப்படைத்த பதிவுகளால் வளர்ந்தது. கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் சேகரிப்பாளர்களிடமிருந்து இந்துஸ்தானி இசைப் பதிவுகளைப் பெற்று டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறது. மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் முழுக்க ரசிகர்களின் முயற்சி. அலமாரி ஒன்றில் தொடங்கியவைதான் இவையெல்லாம்.

வீட்டுக்குள் ஒரு வானொலி நிலையம்

ஃபைல்கள் தயார். அவற்றை ஸ்ட்ரீமிங் போல வசதியாகக் கேட்பது எப்படி? மேஜைக் கம்ப்யூட்டரில் கேட்பவருக்கு ஃபூபார்2000 அல்லது வி.எல்.ஸி. போதும். ஆண்ட்ராய்டு போன்கள் ஃப்ளாக்கை நேராகவே இசைக்கும்; மெமரி கார்டில் போட்டுவிட்டால் இணையமே வேண்டாம். ரயிலில் டவர் கிடைக்காத இடத்தில் இதன் அருமை தெரியும்.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்புகிறவர்கள், ஓரத்தில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரையோ கையகல ராஸ்பெர்ரி பையையோ வீட்டு சர்வராக மாற்றுகிறார்கள். நேவிட்ரோம், ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருட்களில் ஒன்றைப் போட்டு ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினால் போதும். ஹாலில், மாடியில், மொட்டை மாடியில் யார் போனிலும் வீட்டுப் பாட்டு ஓடும். காசு கொடுத்தால் ப்ளெக்ஸ், ரூன் போன்ற சொகுசான ஏற்பாடுகளும் உண்டு. சந்தா சேவையின் செயலி ஒரு பக்கம், வீட்டு நூலகத்தின் செயலி ஒரு பக்கம். புதிய பாட்டைத் தேடிக் கண்டுபிடிக்க முன்னது; கண்டுபிடித்ததில் விட முடியாததை நிரந்தரமாக வைக்கப் பின்னது. இப்படி வேலையைப் பிரித்துக் கொடுத்தால் சண்டை இல்லை.

சந்தா சேவையில் உள்ள பட்டியல்களையும் அவ்வப்போது எழுத்தாக இறக்கி வைப்பது நல்லது. சவுண்டிஸ், ட்யூன்மைமியூசிக் போன்ற சேவைகள் ஒரு கம்பெனியின் பட்டியலை இன்னொரு கம்பெனிக்கு மாற்றும். சாதாரண எழுத்து ஃபைலாகவும் தரும். பாட்டு வராது. ஆனால் என்னென்ன பாட்டு என்ற நினைவாவது மிஞ்சும். அடுத்த மூடுவிழா அறிவிப்பு வரும்போது பதற வேண்டியதில்லை.

காப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில் என்பது கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் சூத்திரம். ஹார்ட் டிஸ்க் சொல்லிக்கொண்டு சாவதில்லை. சென்னையில் 2015-லும் கேரளத்தில் 2018-லும் வெள்ளம் புகுந்தபோது ஒரே வீட்டில் இருந்த இரண்டு பிரதியும் ஒரே தண்ணீரில்தான் நனைந்திருக்கும்.

சட்டமும் வாரிசும்

இதெல்லாம் சட்டப்படி சரியா? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆவது பிரிவில், சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாடு உரிமை மீறல் ஆகாது என்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஸி.டி.யைத் தான் கேட்க ஃபைலாக்குபவர் அந்த நிழலில் நிற்கலாம். அதை ஊருக்கெல்லாம் நகலெடுத்துக் கொடுத்தால் நிழல் விலகிவிடும். சந்தா சேவையின் பூட்டை உடைத்துப் பாட்டை எடுப்பது வேறு கதை. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65-ஏ பிரிவு அதற்காகவே இருக்கிறது. ஒலிப்பதிவின் உரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அதைக் கடந்த பதிவுகள் பொதுச் சொத்து.

உரிமை பற்றிய பேச்சில் அதிகம் பேர் யோசிக்காத கேள்வி இன்னொன்று உண்டு. சேகரித்தவர் காலமான பிறகு என்ன ஆகும்?

ஸ்ட்ரீமிங் கணக்கு ஆளோடு முடிகிறது. ஆப்பிள் 2021-ல், தன் வாடிக்கையாளர் இறந்தபின் அவரது படங்களையும் குறிப்புகளையும் வாரிசு எடுத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. அதிலும் வாங்கிய பாடல்கள், படங்கள், புத்தகங்களுக்கு விலக்கு. அவை உரிமம்தானாம், உடைமை இல்லையாம். முப்பது வருஷம் ரசனையோடு கோத்த பட்டியல், சந்தா நின்ற மாதத்தோடு யாருக்கும் இல்லாமல் போகும்.

ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஃபைல் அப்படியல்ல. தாத்தாவின் இசைத்தட்டுகளைப் போல அதுவும் கை மாறும். அதற்கு வீட்டில் இன்னொருவருக்காவது அது எங்கே இருக்கிறது, பாஸ்வேர்டு என்ன, எந்த மென்பொருளில் திறக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு தாளில் எழுதி பாங்க் பாஸ்புக்கோடு வைத்தால்கூடப் போதும். ராகமும் பாடியவர் பெயரும் ஃபைலுக்குள்ளேயே எழுதியிருந்தால், அடுத்த தலைமுறைக்கு அது வெறும் எண் வரிசையாகத் தெரியாது.

இன்று அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு கேஸட்டை எடுத்துத் துடைத்துப் பார்ப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. சந்தாவை அடுத்த மாதமும் கட்டலாம். நாடா அடுத்த மழைக்காலத்தைத் தாண்டுமா என்று யாராலும் சொல்ல முடியாது.